முதல்ல விழக் கத்துக்கோங்க

அக்கா, வணக்கம்.

ரொம்ப நாளா உங்களைப் படிக்கிறேன், எழுதுறது இப்பதான். எனக்கு 34 வயசு, நாள் பூரா உக்காந்தே பாக்குற வேலை. ஏதாவது ஒரு தற்காப்புக் கலை கத்துக்கணும்னு எட்டு மாசமா யோசிச்சிட்டிருக்கேன். பாக்ஸிங், முவாய் தாய், கராத்தே, டேக்வாண்டோ, ஜூடோ, பிரேசிலியன் ஜியு-ஜிட்சு, சிலம்பம்னு எல்லாத்துக்கும் வீடியோ பாத்தாச்சு, பாக்கப் பாக்க குழப்பம்தான் ஜாஸ்தியாகுது. ஒருத்தர், தரையில உருண்டு பிடி போடுற ஜியு-ஜிட்சு தெரியலன்னா எதுவும் வேலைக்காகாதுங்கறார், இன்னொருத்தர் ரோட்டுல தரைக்குப் போனா செத்தங்கறார். நிஜ சண்டையில எது பெஸ்ட்? இந்த வயசுல ஆரம்பிச்சா லேட்டா? உடம்பு சுத்தமா வளையாது, அது பிரச்சனையா? இன்னொண்ணும் சொல்லிடறேன். போன வருஷம் ஒரு வாய்த்தகராறுல ஒருத்தன் தள்ளிவிட்டு எல்லார் முன்னாடியும் மல்லாக்க விழுந்தேன். அடி ஒண்ணும் பெருசா இல்ல, ஆனா சுத்தி நின்னவங்க சிரிச்சது இன்னும் காதுல இருக்கு. இனிமே எவன் முன்னாடியும் கீழ விழக்கூடாது. அதுக்கு ஏத்த கலை எதுன்னு சொல்லுங்க.

(பெயர் வேண்டாம்னு கேட்டிருக்கார்)

தம்பி,

கடைசி நாலு வரி மட்டும் இல்லன்னா இதுக்கு பதில் எழுதியிருக்க மாட்டேன். எது பெஸ்ட்னு கேட்டு வர்ற கடிதங்களுக்கு நான் பதில் போடுறதில்ல. ஆனா மல்லாக்க விழுந்தேன்னு எழுதியிருந்தீங்க பாருங்க, அங்கயே நின்னுட்டேன். ஏன்னா கொஞ்ச நாளா நான் விழுறதைப் பத்தியேதான் யோசிச்சிட்டிருக்கேன். எங்கம்மா போன மாசம் ஈரத்தரையில வழுக்கி விழுந்துட்டாங்க, விழும்போது எல்லாரும் பண்றதைத்தான் அவங்களும் பண்ணாங்க, கையைப் பின்னாடி நீட்டி ஊனிட்டாங்க, மொத்த உடம்பும் அந்த ஒரு மணிக்கட்டு மேல வந்து இறங்கிருச்சு. இப்ப மாவுக்கட்டோட இருக்காங்க. தலையில அடிபடலையேன்னு டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார், எனக்கு அந்தக் கேள்விதான் இன்னும் மண்டைக்குள்ள ஓடிட்டிருக்கு.

முதல்ல உங்களுக்கு ஆறுதலா ஒண்ணு. எல்லார் முன்னாடியும் விழுறது வலிக்கும், அதை நான் லேசா எடுத்துக்கல. சிரிச்சவங்க யாருக்கும் அது மறுநாள் ஞாபகம் இருந்திருக்காது, உங்களுக்கு மட்டும் ஒரு வருஷமா ஓடிட்டிருக்கு, அது கஷ்டம்தான். ஆனா தம்பி, கோபமா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க. மல்லாக்க விழுந்து பின்மண்டை தரையில படாம எந்திரிச்சு வந்திருக்கீங்க, அது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்குக் கொஞ்சம் கூடத் தெரியல. தெருச்சண்டையில சாகுறவங்கள்ல நிறைய பேர் குத்துல சாகுறதில்ல. குத்து வாங்கி, இல்ல தள்ளுப்பட்டு, நினைவு தப்பி சாயும்போது மண்டை சிமெண்ட்ல மோதித்தான் சாகுறாங்க. ஆஸ்திரேலியாவுல நியூ சவுத் வேல்ஸ்ல ஒரே குத்துல விழுந்து செத்த பசங்களோட சாவுக்கு அப்புறம், 2014ல அதுக்குன்னே தனிச் சட்டம் கொண்டுவந்தாங்க. உங்களைத் தள்ளிவிட்டவன் ஜெயிலுக்குப் போகாததும் நீங்க எனக்குக் கடிதம் எழுதுறதும் உங்க தலை அன்னிக்கு எந்த வாக்குல இருந்துச்சுங்கறதால மட்டும்தான். நீங்க என்னடான்னா சிரிச்சவங்களைப் பத்திக் கவலைப்பட்டுட்டிருக்கீங்க.

மத்த கேள்வியெல்லாம் சீக்கிரம் முடிச்சிடறேன்.

எது பெஸ்ட்? இதை 1993 நவம்பர்லயே ஒரு கூண்டுக்குள்ள போட்டுப் பாத்துட்டாங்க. வேற வேற கலைக்காரங்க மோதுற யுஎஃப்சிங்கற கூண்டுச்சண்டைப் போட்டி, அதோட முதல் தடவை, அமெரிக்காவுல டென்வர்ல. அதுல இருந்த பெரிய உடம்புக்காரங்களுக்கு நடுவுல ஒல்லியா வந்த ராய்ஸ் கிரேஸி ஜியு-ஜிட்சுவை வெச்சு ஜெயிச்சார். அதைப் பாத்து எல்லாரும் தரைச்சண்டை கத்துக்கிட்டாங்க, அப்புறம் குத்து, உதை, மல்யுத்தம் எல்லாத்தையும் சேத்துக் கத்துக்கிட்டாங்க, இப்ப கூண்டுல இறங்குறவங்க யாரும் ஒரே கலையை நம்பி இறங்குறதில்ல. ஒவ்வொரு கலையிலயும் அதோட விதிமுறை ஒரு ஓட்டையை விட்டு வெச்சிருக்கு. பாக்ஸிங்ல உதை கிடையாது. ஒலிம்பிக் டேக்வாண்டோவுல முகத்துல கையால குத்தக்கூடாது, இடுப்புக்குக் கீழ உதைக்கக்கூடாது. கியோகுஷின்ங்கற கராத்தே வகையில காலுல உதைக்கலாம், ஆனா முகத்துல கைக்குத்து கிடையாது. சர்வதேச ஜூடோ போட்டியில இப்ப காலைக் கையால பிடிக்க விடுறதில்ல. சிலம்பத்துல கால்வரிசையும் தூரக்கணக்கும் அருமையா வரும், ஆனா ஒருத்தன் சட்டையைப் பிடிச்சுட்டா அது வேற கணக்கு. இதெல்லாம் குறைன்னு சொல்லல. விதி இருக்கறதாலதான் தைரியமா முழு பலத்தோட பழக முடியுது. உங்களுக்கு வீட்டுல இருந்து போக வர வசதியானது, வாரத்துல ரெண்டு மூணு நாள் நிஜமாவே போக முடியறது எதுவோ அதுதான் உங்களுக்கு பெஸ்ட், அவ்வளவுதான்.

வயசா? கெய்கோ ஃபுகுடான்னு ஒரு அம்மா, 1913ல பொறந்தவங்க. ஜூடோவுல கருப்பு பெல்ட்டுக்கு மேல இருக்கிற படிகளை டான்னு சொல்வாங்க, ரொம்ப வருஷமா பொம்பளைங்கறதாலயே அவங்களை ஐந்தாம் டான்ல நிறுத்தி வெச்சிருந்தாங்க. 2011ல, 98 வயசுல, அமெரிக்க ஜூடோ அமைப்பு அவங்களுக்குப் பத்தாம் டான் குடுத்துச்சு, தொண்ணூறு தாண்டியும் வகுப்பு எடுத்திட்டிருந்தாங்க. 34ன்னு இனிமே என்கிட்ட எழுதாதீங்க. உடம்பு வளையலன்னா போகப் போக வளையும், விடுங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். கீழ விழாம இருக்கறதுக்கு ஒரு கலை கேட்டீங்க, அப்படி ஒரு கலை கிடையாது. உலக சாம்பியன் ஜூடோக்காரரும் தினமும் பயிற்சியில தூக்கிப் போடப்படுறவர்தான். விழுறதுக்குக் கலை இருக்கு, அதுக்கு ஜூடோவுல உகேமின்னு பேரு, ஐகிடோன்னு இன்னொரு ஜப்பானியக் கலையிலயும் அது உண்டு. ஆரம்பிக்கிறவங்க யார் கேட்டாலும், நீங்க எந்த கலைக்கு வேணா போங்க, ஆனா முதல்ல விழக் கத்துக்கோங்கன்னுதான் சொல்வேன். இந்த ஒரு விஷயத்துல நான் யாருக்கும் விட்டுக்குடுக்க மாட்டேன். ஏன்னா நீங்க கத்துக்கப் போற குத்து வாழ்க்கையில ஒரு தடவை கூட உபயோகப்படாமப் போகலாம், அப்படிப் போனா நல்லதும் கூட. விழுறது அப்படி இல்ல, நிச்சயம் விழுவீங்க. படியில, பாத்ரூம்ல, பைக்குல, வயசானப்புறம் ஒண்ணுமே இல்லாத சமதரையில. உலக சுகாதார நிறுவனம் போட்டிருக்கிற கணக்குப்படி வருஷத்துக்கு சுமார் 6,84,000 பேர் விழுந்து சாகுறாங்க. எதிர்பாராத விபத்துச் சாவுகள்ல சாலை விபத்துக்கு அடுத்து இதுதான். நிஜ சண்டையைச் சமாளிக்க எட்டு மாசம் வீடியோ பாக்குற நீங்க, இதுக்கு ஒரு நாள் ஒதுக்கியிருக்கீங்களா?

எப்படி விழணும்னு சொல்றேன், ஆனா இதைப் படிச்சிட்டு வீட்டுல பண்ணிப் பாக்காதீங்க, பயிற்சி மெத்தையில, சொல்லித்தர்றவர் பக்கத்துல இருக்கும்போதுதான் பண்ணணும். பின்னாடி விழும்போது முதல்ல இடுப்பைக் குதிகால்கிட்ட இறக்கணும், உயரம் குறைஞ்சாலே அடி குறையும். முதுகு ஆடுநாற்காலியோட காலு மாதிரி வளைஞ்சு உருளணும், பலகையா போய் அடிக்கக்கூடாது. தாடை நெஞ்சோட ஒட்டி, கண்ணு பெல்ட் முடிச்சைப் பாக்கணும். ரெண்டு கையும் உடம்புல இருந்து நாப்பத்தஞ்சு டிகிரி வாக்குல, உள்ளங்கையில இருந்து முழங்கை வரைக்கும் ஒரே நேரத்துல தரையைத் தட்டணும், மூச்சை வெளிய விடணும். சிமெண்ட்ல தட்டினா கை உடையாதான்னு எல்லாரும் கேப்பாங்க. ஓங்கித் தட்டினா வலிக்கத்தான் செய்யும், ஆனா அந்தத் தட்டுல பெரிய ரகசியம் சத்தத்துல இல்ல, கைக்கு ஒரு வேலை குடுத்துடுறோம், அது பின்னாடி போய் ஊனாது. எங்கம்மாவோட மணிக்கட்டு உடைஞ்சது அந்த ஊனுறதுலதான். பக்கவாட்டுல விழுறப்ப இந்த மாதிரி உருண்டு விழுந்தா இடுப்பெலும்புல இறங்குற அடி குறையுதுன்னு நெதர்லாந்துல அளந்தே பாத்திருக்காங்க, அங்க வயசானவங்களுக்கு விழுறதுக்குப் பயிற்சி வகுப்பே நடக்குது.

நான் காலேஜ்ல ஜூடோ சேந்தப்ப எங்க மாஸ்டர் வாரக்கணக்குல எங்களை விழத்தான் வெச்சார். வேற எதுவும் கிடையாது. மடிச்ச கைக்குட்டையைத் தாடைக்கும் கழுத்துக்கும் நடுவுல வெச்சுவிடுவார், விழுந்து எந்திரிக்கும்போது அது அங்கயே இருக்கணும். கீழ விழுந்துட்டா ஒண்ணும் திட்ட மாட்டார், குனிஞ்சு எடுத்து, உதறி, திரும்ப மடிச்சு வெச்சுவிடுவார், அவ்வளவுதான், திரும்ப விழணும். வேர்வையில நனைஞ்சு அந்தத் துணி ஒட்டிக்கிட்டா அதை மாத்திட்டுக் காஞ்சது ஒண்ணு வைப்பார், ஒட்டிக்கிட்டு நிக்கிற துணி பொய் சொல்லும்பார். என்கூட சேந்தவ ஒருத்திக்கு வெறுத்துப்போய், முதல் நாளே உதை சொல்லித்தர்ற இடத்துக்கு மாறிட்டா. நான் மாறல, பெரிய ஞானமெல்லாம் இல்ல, அவர் அந்தக் கைக்குட்டையை மடிக்கிற பொறுமையைப் பாத்து உக்காந்துட்டேன். ரொம்ப வருஷம் கழிச்சு, ஜூடோவெல்லாம் விட்டே போனப்புறம், கையில பை, தண்ணி சிந்தின படிக்கட்டு, கால் போச்சு. யோசிக்கவே நேரமில்ல, தாடை தானா உள்ள போயிருந்துச்சு. முழங்கையில ரத்தம் கட்டினதோட போச்சு.

இதுக்கு எதிர்ப்பக்கமும் சொல்லணும். ஜப்பான்ல பள்ளிக்கூட ஜூடோவுல பிள்ளைங்க செத்தது பெரிய பிரச்சனையாச்சு, பலர் புதுசா சேந்த பிள்ளைங்க. ஓசோதோகாரின்னு ஒரு வீச்சு, காலைப் பின்னாடி வாரி மல்லாக்க அடிக்கிறது, அதுலதான் தலைக்கு ஆபத்து அதிகம். மண்டை தரையில மோதலன்னாலும் தலை சடார்னு பின்னாடி சுழட்டினாலே மூளைக்கு மேல இருக்கிற ரத்தக்குழாய் கிழியலாம். விழத் தெரியாத பிள்ளையை வீசுறது பயிற்சி இல்ல, அது கொடுமை. ஜூடோன்னு போர்டு இருக்கறதால மட்டும் நம்பிடாதீங்கன்னு சொல்றதுக்காகத்தான் இதைச் சொல்றேன்.

ஜூடோவை 1882ல ஆரம்பிச்ச கானோ ஜிகோரோ, ஐந்தடி ரெண்டங்குலம் இருந்த சின்ன உருவம். பள்ளியில பெரிய பசங்க அடிச்சதாலதான், ஜூடோவுக்கு முன்னாடி இருந்த பழைய ஜப்பானியக் கலையான ஜுஜுட்சு கத்துக்கப் போனார், உங்களை மாதிரியேதான். அவரோட முதல் குரு ஃபுகுடா ஹச்சினோசுகே, மேல சொன்ன கெய்கோ ஃபுகுடாவோட தாத்தா. ஒரு வீச்சுல கையை எப்படி வைக்கணும், காலை எப்படி வைக்கணும்னு கானோ கேள்வி மேல கேள்வி கேட்டப்ப, குரு விளக்கமே சொல்லல, இங்க வான்னு கூப்பிட்டுத் தூக்கிப் போட்டார், எந்திரிச்சதும் திரும்பத் தூக்கிப் போட்டார். கானோ அப்புறம் தன்னோட பள்ளியை ஒரு கோயில்ல 12 பாய் விரிச்ச இடத்துல தொடங்கினப்ப, உடம்பைக் கெடுக்கிற அடியையெல்லாம் பயிற்சிச் சண்டையில இருந்து ஒதுக்கி வெச்சார். பத்திரமா விழத் தெரிஞ்சவன்தான் ஒரே நாள்ல நூறு தடவை வீசப்பட்டு மறுநாளும் வருவான், திரும்ப வர்றவன்தான் கத்துக்குவான். எட்டு மாசம் வீடியோ பாத்ததுக்கு உங்களைத் திட்டணும்னு இருந்தேன், அந்தக் குரு ரெண்டு வீச்சுல சொன்னதுக்கு மேல நான் என்ன சொல்ல.

அதனால இந்த வாரமே ரெண்டு மூணு இடத்துக்குப் போய் ஓரமா உக்காந்து ஒரு வகுப்பு முழுசாப் பாருங்க. கப்பு, மெடல், சுவத்துல இருக்கிற போட்டோ எதையும் பாக்காதீங்க. புதுசா வந்தவங்களை யார் பாத்துக்கறாங்கன்னு பாருங்க. பழைய ஆளுங்க அவங்களைப் போடும்போது சட்டைக்கையை விடாம மேல இழுத்துப் பிடிச்சு இறக்குறாங்களா, இல்ல வீசிட்டுத் திரும்பிடறாங்களா? கழுத்துப்பிடியில மாட்டினவர் போதும்னு கையால தட்டின உடனே பிடிச்சவர் விடுறாரா? கழுத்து ரத்தக்குழாய் சரியா அமுங்குனா பத்து செகண்டுக்குள்ள நினைவு போயிடும், அங்க ஒரு செகண்ட் தாமதமா விடுறவன்கூட நீங்க பழகக்கூடாது. ஜியு-ஜிட்சு இடமா இருந்தா, உக்காந்தே ஆரம்பிக்கிறாங்களா, நின்னு விழவும் சொல்லித்தர்றாங்களான்னு கேளுங்க, சில இடத்துல அதைத் தாண்டிப் போயிடறாங்க. பாக்ஸிங்தான் பிடிச்சிருக்குன்னா தாராளமா போங்க, ஆனா முதல் மாசத்துலயே தலையில முழு பலத்தோட குத்த விடுற இடம்னா திரும்பி வந்துடுங்க.

முதல்ல சலிப்பாத்தான் இருக்கும், நம்மளைவிடச் சின்னப் பசங்க சுத்தி நின்னு பாக்கும்போது நீங்க விழுந்து விழுந்து எந்திரிக்கணும், அந்தப் பழைய சிரிப்பு திரும்ப ஞாபகம் வரும், வந்தாலும் போங்க. இன்னொண்ணு, தலை சுத்துறது, தலைவலி, வாந்தி, கண்ணு மங்குறது, இதுல எது வந்தாலும் அந்த நிமிஷமே மாஸ்டர்கிட்ட சொல்லிட்டு நிறுத்திடுங்க. தனியா வண்டி ஓட்டிட்டு வீட்டுக்குப் போகாதீங்க, யாரையாவது கூட்டிட்டு நேரா டாக்டர்கிட்ட போங்க, முழுசா சரியாகுற வரைக்கும் பயிற்சி மெத்தையில கால் வைக்கக்கூடாது.

அன்புடன்,
அக்கா