ஒளி பட்டால் பிரியும் ஈஸ்ட்: கேள்வி பதில்

ஈஸ்ட் செல்லின் பிரிவை ஒளியால் கட்டுப்படுத்தும் ஆய்வு பற்றி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி: ஒளி பட்டது ஈஸ்டுக்கு எப்படித் தெரியும்?

பதில்: ஒளியை உணர்வதற்கென்று தனிப் புரதம் அதனிடம் இல்லை, நாம்தான் சேர்க்கிறோம். அப்படிச் சேர்ப்பதில் ஒன்று இஎல்222, ஒரு கடல் பாக்டீரியாவின் புரதம். நீல ஒளி பட்டதும் அதன் மூலக்கூறுகள் இரண்டிரண்டாக இணைந்து டிஎன்ஏவைப் பற்றிக்கொள்ளும். பக்கத்தில் பொருத்திய மரபணு வேலை செய்யத் தொடங்கும்.

கேள்வி: விளக்கை அணைத்தால் பிரிவு நடுவில் நின்றுவிடுமா?

பதில்: நிற்காது. பலர் தடுமாறும் இடம் இதுதான். பிரிவைத் தொடங்க சிஎல்என்1, 2, 3 என்ற சைக்ளின்களில் (பிரிவை முடுக்கும் புரதங்கள்) ஒன்றாவது தேவை. மூன்றின் மரபணுக்களையும் நீக்கிவிட்டு, சிஎல்என்2-இன் மரபணுவை மட்டும் இஎல்222 இயக்கும்படி மீண்டும் பொருத்தி, ஒளியின் பொறுப்பில் விடலாம். ஈஸ்ட் மொட்டு விட்டுத்தான் பிரியும். இருட்டில் அந்தச் செல் மொட்டு விடாது, ஆனால் பருத்துக்கொண்டே போகும். சிறிது நேரம் நீல ஒளி காட்டுங்கள். நுண்ணோக்கியில் ஓரத்தில் ஒரு சிறு புடைப்பு எழுவதைப் பார்க்கலாம்; அதுதான் மொட்டு. பிரிவுக்குள் நுழையும் 'ஸ்டார்ட்' என்ற கட்டத்தைத் தாண்டிய செல் பின்வாங்காது. இருட்டானாலும் அந்தச் சுற்றை முடித்துவிட்டு, அடுத்த ஸ்டார்ட்டுக்கு முன்னால்தான் நிற்கும். ஆகவே எப்போது தொடங்க வேண்டும் என்பது நம் கையில்; தொடங்கிய பின் நிறுத்துவது இந்த அமைப்பில் நம் கையில் இல்லை.

கேள்வி: வெப்பநிலையை மாற்றியே இதைச் செய்தார்களே?

பதில்: ஆம், அமெரிக்க விஞ்ஞானி லீலண்ட் ஹார்ட்வெல் வெப்பத்தால் முடங்கும் மரபணு மாற்றங்களைக் கொண்டுதான் பிரிவின் படிகளைப் பிரித்தறிந்தார், 2001-இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் வெப்பம் செல் முழுவதையும் உலுக்கும். ஒளியைக் கூட்டத்தில் ஒரே செல்மீது, அதன் ஒரு விளிம்பில்கூடப் பாய்ச்சலாம். மொட்டு எழும் இடத்தை அமைக்க உதவும் சிடிசி24 புரதத்தை ஒளியால் அந்த விளிம்புக்கு இழுத்தால், மொட்டு அங்கேயே முளைக்கச் செய்ய முடியும். எனக்கு இதைவிட அழகான சோதனை தெரியாது.

கேள்வி: எந்த ஒளியைப் பயன்படுத்தலாம், சிவப்பா, நீலமா?

பதில்: தொடங்குபவருக்கு நீலம். இஎல்222 நீல ஒளியை உறிஞ்ச வேண்டிய ஃபிளேவின் என்ற சிறு மூலக்கூறு செல்லிலேயே இருக்கிறது. பைட்டோகுரோம் என்ற தாவர ஒளிப்புரதம் சிவப்பொளியில் இயங்கும், தொலைசிவப்பில் (சிவப்பைவிட நீண்ட அலைநீள ஒளியில்) அணையும். ஆனால் அதற்கான நிறமியை வெளியிலிருந்து ஊட்ட வேண்டும்.

கேள்வி: நீல ஒளியே செல்லைக் கெடுக்காதா?

பதில்: கடுமையாக இருந்தால் கெடுக்கும்; உள்ளே ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகும். ஒளிப்புரதம் இல்லாத ஈஸ்டையும் அதே விளக்கின் கீழ் வளர்த்து ஒப்பிடுங்கள். இந்த ஒப்பீடு இல்லாத முடிவை நான் நம்ப மாட்டேன்.

கேள்வி: விளக்கைப் போடும் முன்பே செல்கள் மொட்டு விடுகின்றன. ஏன்?

பதில்: அறை வெளிச்சம் காரணமாக இருக்கலாம். குடுவையை அலுமினியத் தாளால் சுற்றுங்கள். மாதிரி எடுக்கும்போது சிவப்பு விளக்கு மட்டும் எரியட்டும்.