மதுரையில் வீட்டோடு சமையல்காரனாக இருப்பவனை நாயகனாக வைத்து லேசான காதல் நாவல் எழுதுகிறேன். அடுப்படிக் காட்சிகள் நம்பும்படி வர என்ன கவனிக்கணும்?

முதலில், அவனைச் சும்மா நிற்க விடாதீர்கள். கதைகளில் சமையல்காரன் குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு நாயகியிடம் கால் மணி நேரம் பேசுகிறான். அதற்குள் குழம்பு அடிப்பிடித்திருக்கும். என்ன சமைக்கிறான் என்று முடிவுசெய்து, அதில் கை எப்போது ஒழிகிறதோ அங்கே வசனத்தை வையுங்கள்.

அயிரை மீன் குழம்பு இதற்குத் தோதானது. குடல் எடுக்காமல் முழுசாகப் போடுகிற மீன். செத்ததை வாங்கினால் வயிற்று மண் அப்படியே நின்று வாயில் நறநறக்கும். அதனால் துள்ளும் மீனுக்காக விடிகாலையிலேயே நெல்பேட்டைப் பக்கம் போயாகணும். அரை கிலோ மீனை நீர்மோரிலோ தேங்காய்ப்பாலிலோ அரை மணி நேரம் விட்டால் மண்ணைக் கக்கிவிடும். பாத்திரத்தை மூடாவிட்டால் தரையெல்லாம் மீன்தான் (நாயகி அடுப்படிக்குள் வர இதைவிட நல்ல சாக்கு ஏது?). பிறகு கல்லுப்புப் போட்டு, மண்சட்டியில் வழவழப்புப் போகத் தேய்த்து நாலைந்து தண்ணீர் அலசணும். புளிக்குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்த பிறகே மீன் இறங்கும். அப்புறம் ஐந்து நிமிடம்தான். கரண்டி போட்டால் உடைந்துவிடும். சட்டியைத் துணியால் பிடித்துச் சுழற்றணும். மனசில் இருப்பதை அந்த மோர் அரை மணியில் சொல்லட்டும். கடைசி ஐந்து நிமிடத்தில் வாயே திறக்கக் கூடாது.

செவ்வாய், வெள்ளியில் பல வீடுகளில் கவிச்சி கிடையாது. புரட்டாசி முழுக்கவும் அப்படித்தான். கிழமை பார்த்து எழுதுங்கள்.

வீட்டுப் பெரியவர்கள் அவனை "மாஸ்டர்" என்பார்கள், இல்லாவிட்டால் "தம்பி". அவளை அவன் "மேடம்" என்றுதான் ஆரம்பிப்பான். மனசு மாறியதும் பெயரைச் சொல்லிவிட மாட்டான். கொஞ்ச நாள் மொட்டையாகப் பேசுவான். "காபி ஆறுது."

மல்லிகைப்பூ இல்லாமல் மதுரைக் காதல் எழுத மாட்டீர்கள், தெரியும். மார்கழி, தை பனியில் வரத்து குறைந்து விலை எகிறும். சம்பளக்காரன் அப்போது ரெண்டு முழம் வாங்கினால் வீட்டில் எல்லோரும் கவனிப்பார்கள். கோடையில் வாங்கினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

பெரிய சிக்கல், அந்த வீட்டுக்குள் இருவரும் சமமாக உட்கார இடமே கிடையாது. அதற்குச் சித்திரைத் திருவிழா இருக்கிறது. திருக்கல்யாண விருந்துக்காக முந்தின நாள் சேதுபதி பள்ளியில் காய் நறுக்க யார் யாரோ வந்து உட்காருவார்கள்; முதலாளி வீட்டுப் பெண்ணும் வரலாம், சமையல்காரனும் வரலாம். இருவரையும் கத்தரிக்காய்ப் பக்கம் உட்கார வையுங்கள். வெங்காயத்தில் உட்கார்ந்தால், அவள் கண் கலங்கியது எதனால் என்று பாவம் அவனுக்குக் கடைசிவரை தெரியாது.