யாழ்ப்பாணத்திலிருந்து இரணைமடு: இருவர் போகும் ஒருநாள் குளப் பயணம் (கேள்வி பதில்)

கோண்டாவில்: அண்ணை, நானும் மனுசியும் மோட்டார் சைக்கிளில் ஒரே நாளில இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் மூண்டையும் பாக்கலாமெண்டு நினைக்கிறம். சரிவருமோ?

ஓடி முடிக்கலாம் தம்பி, ஆறுதலாகப் பார்க்க ஏலாது. மாங்குளத்தில் கிழக்கே திரும்பி ஏ34 வீதியால் ஒட்டுசுட்டான் பக்கம் போனால்தான் முத்தையன்கட்டு. வவுனிக்குளம் அதே மாங்குளத்திலிருந்து மேற்கே, மல்லாவிப் பக்கம். பகலில் பாதி றோட்டிலேயே போய்விடும். ஒட்டுசுட்டான் பக்கம் பொழுதுபட யானை இறங்கும். மோட்டார் சைக்கிளோடு அந்த நேரம் அங்கே நிற்கவே கூடாது.

முதல் பயணத்துக்கு இரணைமடு ஒன்றே போதும். காலை 6 மணிக்கு வெளிக்கிட்டு ஏ9 வீதி வழியே ஆனையிறவு, பரந்தன், கிளிநொச்சி. கிளிநொச்சி தாண்டி இரணைமடுச் சந்தியில் இடப்பக்கம் திரும்பினால் குளக்கட்டு. கட்டு குளத்தின் வடக்கு அந்தத்தில் இருப்பதால் தண்ணீர் தெற்கே விரிந்து கிடக்கும். காலை வெயில் இடப்பக்கத்தால் விழுவதால் படம் எடுக்க நல்லது. பக்கத்திலேயே கனகாம்பிகை அம்மன் கோயில். நேரமிருந்தால் திரும்ப ஏ9 ஏறித் தெற்கே முறிகண்டிப் பிள்ளையாரிடம் தேங்காய் உடைத்து, கச்சானும் (வேர்க்கடலை) வாங்கலாம்.

வீடு திரும்பப் பரந்தனில் இடப்பக்கம் பூநகரி வீதியைப் பிடித்து, சங்குப்பிட்டிப் பாலத்தால் நாவற்குழிக்கு வாருங்கள். மொத்தம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். பரந்தனை மூன்றரைக்குள் விடவேண்டும். பூநகரி வீதி மேற்கே போவது. ஐந்து மணி வெயில் நேரே கண்ணில் அடித்தால் எதிரே வரும் மாடு தெரியாது.

நல்லூர்: எந்த மாதம் போகலாம்?

தை நடுப்பகுதியிலிருந்து மாசி முடிய. மாரி மழை ஓய்ந்து குளம் நிறைந்திருக்கும், மாரி மழையில் வளர்ந்த காலபோக நெல்லும் விளைந்து நிற்கும். அறுவடை தொடங்கினால் றோட்டோரம் நெல் காயப்போடுவார்கள். அதன்மேல் பிறேக் பிடித்தால் சில்லு வழுக்கும். ஆவணி, புரட்டாசி வேண்டாம்: கோடைப் பயிரான சிறுபோகத்துக்குத் தண்ணீர் விட்டு முடிந்து, குளம் வற்றிச் சேறு தெரியும். மார்கழியில் குளத்தின் மேலதிக நீரை விடும் வான் கதவு திறந்து தண்ணீர் பாய்வது கண்கொள்ளாக் காட்சி. ஆனால் அந்தத் தண்ணீர் கனகராயன் ஆற்றால் கண்டாவளைப் பக்கமாகப் போய்ச் சுண்டிக்குளம் கடல்நீரேரியில் விழுகிறது. 2018 டிசம்பரில் கிளிநொச்சி மாவட்டத்தில் வெள்ளம் எவ்வளவு சனத்தை இடம்பெயர வைத்தது என்பது தெரிந்ததே. கடும் மழை அறிவித்தல் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

சாவகச்சேரி: ஸ்கூட்டியில் போகலாமா? சோளகக் காற்று எப்படி, அண்ணா?

போகலாம் தங்கச்சி. வைகாசிக்குப் பிறகு ஆனையிறவில் தென்மேற்கிலிருந்து வரும் சோளகம் வலப்பக்கத்தால் தள்ளும். திரும்பும்போது சங்குப்பிட்டிப் பாலத்தில் இடப்பக்கத்தால். வண்டியைக் காற்றுப் பக்கம் மெல்லச் சாய்த்துத்தான் ஓட்ட வேண்டிவரும். கவிழ்ப்பது பஸ்தான்: காற்று வரும் பக்கத்தால் முந்தும்போது ஒரு கணம் காற்றை மறைக்கும், சாய்ந்திருந்த வண்டி பஸ் பக்கம் இழுபடும், பஸ் விலகியதும் காற்று திரும்ப அறையும். கண்ணாடியில் பஸ்ஸைக் கண்டதும் வேகத்தை 40க்குக் குறைத்து, றோட்டின் இடது ஓரத்துக்கு வந்து, ஹாண்டிலை இறுக்காமல் பிடியுங்கள். பின் ரயருக்கு இருவர் ஏறும்போது உரிய காற்றளவு வேறு. அதைக் காலையிலேயே அடித்துவிடுங்கள்.

மானிப்பாய்: குளத்தில் குளிக்கலாமோ?

குளத்துக்குள் இறங்க வேண்டாம். வன்னிக் குளங்களில் முதலை உண்டு; கரையோரத் தாமரைக்குள் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஊர்ச்சனம் குளிக்கும் வாய்க்கால் எதுவென்று கேட்டு, அவர்கள் இறங்கும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். துருசு (மதகு) வாய்க்குக் கிட்டப் போகாதீர்கள், இழுவை பொல்லாதது.

உரும்பிராய்: மத்தியானச் சாப்பாடு கட்டிக்கொண்டு போக என்ன நல்லது, தம்பி?

அக்கா, சோற்றை ஆறவிட்டுக் கட்டுங்கள். சூட்டோடு கட்டினால் வேர்த்து, மத்தியானத்துக்குள் புளித்துவிடும். வாழையிலையை நெருப்பில் வாட்டாவிட்டால் மடிக்கும்போது கிழியும். தேங்காய்ப்பால் விட்ட கறியும் பச்சைச் சம்பலும் வேண்டாம். வாழைக்காய்ப் பொரியல், முட்டைப் பொரியல், நெத்தலிக் கருவாட்டுப் பொரியல் தாங்கும். எருமைத் தயிர் வாங்குவதென்றால் திரும்பும்போது வாங்குங்கள். ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் வேண்டும்.

சுன்னாகம்: பறவை பார்க்கலாமா?

கார்த்திகை முதல் பங்குனி வரை ஆனையிறவு நீரேரியில் பூநாரை நிற்கும். காலை எட்டுக்கு முன் பாருங்கள். பிறகு வெயிலில் கானல் எழும்பி, தொலைநோக்கியில்கூட உருவம் ஆடும்.

கொக்குவில்: ட்ரோன்?

வேண்டாம். இரணைமடுவுக்குக் கிட்ட விமான ஓடுபாதை இருக்கிறது. முகமாலைப் பக்கம் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் படம் எடுக்கவென்று றோட்டை விட்டு இறங்கவும் வேண்டாம்.