பிறந்த குழந்தை அழவில்லை என்றால் ஏன் உடனே ஆக்ஸிஜன் வைப்பதில்லை?

குடியாத்தத்தில் தங்கைக்குப் பிரசவம், குழந்தை உடனே அழவில்லை, ஆக்ஸிஜன் வைக்காமல் ஏதோ பலூனை அமுக்கிக்கொண்டிருந்தார்கள், இது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரிதான்.

வயிற்றுக்குள் இருக்கும்வரை குழந்தையின் நுரையீரலில் காற்று கிடையாது, திரவம்தான். முதல் சில மூச்சுகள் அதை ஒதுக்கித் தள்ளிக் காற்றறைகளை விரிக்க வேண்டும். அது நடக்காதபோது தேவைப்படுவது அழுத்தம். மூக்கருகே ஆக்ஸிஜன் குழாயைக் காட்டினால் மூடிய நுரையீரல் திறந்துவிடாது. நீங்கள் பார்த்த பலூன், ஆம்பு பை. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் சின்ன மாஸ்க்கை வைத்து நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை அமுக்குவார்கள். நெஞ்சு லேசாக ஏறி இறங்குகிறதா என்பதில்தான் கண் இருக்கும். ஏறவில்லையா, தலையை நேராக்கி மாஸ்க்கை மறுபடி பொருத்துவார்கள். நிறைமாதக் குழந்தைக்குச் சாதாரணக் காற்றிலேயே தொடங்குவதுதான் இன்றைய முறை. தேவைக்கு மிஞ்சிய ஆக்ஸிஜன் கெடுதலும் செய்யும்.

அதற்கு முன்னால் ஈரம் துடைத்து முதுகைத் தேய்த்துவிடுவார்கள். (வேலூர் கத்திரி வெயிலிலும் ஈரக் குழந்தை சீக்கிரம் குளிர்ந்துபோகும்.) அழாத பல குழந்தைகள் அதிலேயே அழுதுவிடும். தலைகீழாகத் தூக்கித் தட்டுவதெல்லாம் பழைய கதை, செய்யக்கூடாது.

இதயத் துடிப்பு 100ஐத் தாண்டி, தானாக மூச்சுவிட ஆரம்பித்தால் பையை நிறுத்திவிடுவார்கள். அப்புறம், முதல் சில நிமிடம் உடம்பு நீலமாக இருந்ததே என்று பயப்பட வேண்டாம். நல்ல ஆரோக்கியமான குழந்தைக்கே ஆக்ஸிஜன் அளவு 90 சதவீதத்தை எட்ட 10 நிமிடம்வரை ஆகலாம். பையை நிறுத்திய பிறகும் மூச்சு வாங்கினால் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனை மாதிரி பெரிய இடத்துக்கு அனுப்புவார்கள். அங்கே சிபாப் என்ற கருவி மூக்கு வழியாக அந்த அழுத்தத்தைத் தொடர்ந்து கொடுக்கும்.