முந்தானையில் விழுந்த எலுமிச்சை (கடிதம்)

அன்புள்ள ஐயா,

‘ஃபேன்டஸி ஐலண்ட்’ என்ற பழைய அமெரிக்கத் தொடரைப் பற்றி நீங்கள் ஒரு கூட்டத்தில் பேசியதைக் கேட்டு, 2020இல் வந்த அதன் பேய்ப்பட வடிவத்தை போனில் பார்த்தேன். இழுவையாக இருந்ததால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டேன். பயமே வரவில்லை. பட்ஜெட் குறைவுதான் காரணமா? அந்தத் தொடரைப் பேய்ப்படமாக்கியதே தப்பா?

ம., குடியாத்தம்

அன்புள்ள ம.,

பட்ஜெட்டை விடுங்கள். 70 லட்சம் டாலரில் எடுத்துப் பல மடங்கு வசூலித்த படம் அது. கண்ணில் கறுப்பு நீர் ஒழுக வருகிற பிணங்களையும் விடுங்கள். ஆனால் ஒன்றரை மடங்கு வேகமா? பயம் ஊறி வர நேரம் வேண்டாமா? அந்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிட்டு, பயம் வரவில்லை என்று குறை சொல்வது என்ன நியாயம்? மோசமான படமாகவே இருக்கட்டும், அதன் வேகத்தில் பார்த்துவிட்டுத் திட்டுங்கள்.

தொடர் 1978 முதல் 1984 வரை வந்தது. மேல்விஷாரத்து நண்பனின் அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த கேசட்டில்தான் பார்த்தேன். விருந்தாளிகளின் ஆசை நிறைவேறுகிற ஒரு தீவுதான் கதை. ரோர்க்கின் உதவியாளர் டாட்டூ மணியடித்து ‘விமானம், விமானம்’ என்று கத்துவார். வெள்ளை சூட்டில், தீவை நடத்தும் ரோர்க்காக வரும் ரிக்கார்டோ மான்டல்பான் விருந்தாளிகளை வரவேற்பார். கேட்டது கிடைக்கும்; கிடைத்த பிறகுதான் கஷ்டம் தொடங்கும். பயம் அதிலேயே இருந்தது. ஆகவே பேய்ப்படமாக்கியது தப்பே இல்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று நான் அத்தையை நினைத்துக்கொண்டிருந்தேன். காட்பாடிக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊரில் பாரதக் கூத்து. சிவனிடம் அஸ்திரம் கேட்டுத் தவமிருக்கும் அர்ச்சுனன் தபசு அன்று வேஷக்காரர் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டு தபசு மரத்தில் ஏறினார். கீழே ஈரச் சேலையோடு பிள்ளை இல்லாத பெண்கள் முந்தானை ஏந்தி நின்றார்கள். அத்தைக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். உச்சியிலிருந்து வீசிய எலுமிச்சம்பழம் ஒன்று நேராக அத்தையின் முந்தானையில் விழுந்தது. எல்லோரும் குலவையிட்டார்கள். அத்தை சிரிக்கவில்லை. பழத்தை இறுக்கிப் பிடித்ததில் நகம் பதிந்து, சாறு மணிக்கட்டு வரை வழிந்தது. வீட்டுக்கு வந்ததும் பாட்டியிடம் கேட்டாள்: “பொறந்துட்டுத் தங்கலன்னா இன்னாம்மா பண்றது?”

அதுவரை அவளுக்கு இல்லாத பயம் அது. கேட்ட வரம் கைக்கு வந்ததும் கூடவே வந்தது. அந்த அர்ச்சுனனுக்குப் பாசுபத அஸ்திரம் கொடுக்கும்போது சிவனும் எச்சரித்துத்தான் கொடுக்கிறார். எளியவர் மேல் விட்டால் உலகமே அழியும் என்று.

இந்தப் படத்தின் கையிலும் ஓர் எலுமிச்சம்பழம் விழுந்தது. முன்பு கல்யாணம் வேண்டாமென்று சொன்ன க்வென் காலையில் கண் விழிக்கிறாள். கணவன் இருக்கிறான், மகள் இருக்கிறாள். க்வெனாக நடிக்கும் மேகி க்யூ அந்தக் குழந்தையைப் பார்க்கிற பார்வை ஒன்று போதும், முழுப் படமே எடுக்கலாம். இவர்கள் என்ன செய்தார்கள்? அவளை அங்கிருந்து இழுத்து ஒரு பழைய தீ விபத்துக்குள் தள்ளினார்கள். கடைசியில் எல்லாமே இன்னொரு விருந்தாளி மெலனி போட்ட பழிவாங்கும் திட்டம் என்று முடித்தார்கள். அப்படியானால் மற்றவர்கள் கேட்ட வரத்துக்கு என்ன மதிப்பு? அந்த மகள் யாருக்காகப் பிறந்தாள்? எனக்குக் கோபம் இதில்தான். பிணங்கள் துரத்துவதில் இல்லை.

அத்தைக்கு அடுத்த வருஷம் மகன் பிறந்தான். அவன் பள்ளிக்கூடம் போகும் வயதிலும் ராத்திரி எழுந்து, அவன் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பாள்.

குடியாத்தம் பக்கம் கோடையில் எங்காவது திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்தோடு அக்னி வசந்த விழா நடக்கும். தபசு அன்று போங்கள். மரம் ஏறுகிறவரை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் கீழே முந்தானை ஏந்தி நிற்கிறவர்களைப் பாருங்கள். அங்கே வேகத்தைக் கூட்ட முடியாது, விடியும்வரை உட்கார வேண்டியிருக்கும். அப்புறம் எனக்கு எழுதுங்கள்.