நேர்காணலுக்குப் போய்ப் பாதியில் திரும்பிய மகன்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

ஆட்டிசம் உள்ள உங்கள் மகன், பி.காம். முடித்த தம்பி, திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் நடந்த நேர்காணலில் தன் பெயரை அழைப்பதற்கு முன்பே எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டதையும், அதைச் சோம்பல் என்று உறவினர்கள் பேசுவதையும் எழுதியிருந்தீர்கள். அது சோம்பல் அன்று.

ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் பதற்றம் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் இருப்பதே அவர்களில் பலருக்குப் பெரிய பாரம். பத்து மணிக்கு வரச் சொல்லிப் பன்னிரண்டரை வரை உட்கார வைத்தால் நமக்கு எரிச்சல் வரும், அவ்வளவுதான்; தம்பிக்கோ மின்விசிறியின் இரைச்சலும் குழல்விளக்கின் மினுக்கலும் பத்துப் பேரின் பேச்சும் அந்தக் காத்திருப்போடு சேர்ந்து, தாங்க முடியாத அளவுக்குப் போயிருக்கும். தமக்கு வந்திருப்பது பதற்றம் என்று தமக்கே பிடிபடாமல், வயிறு வலிக்கிறது என்று மட்டும் சொல்பவர்களும் உண்டு.

ஆகவே சம்பளத்தை விசாரிக்கும் முன் இடத்தை விசாரியுங்கள். ஜவுளிக்கடைக் கல்லாவைவிடத் தணிக்கையாளர் அலுவலகத்தின் கணக்குப் பதிவு வேலை அவருக்குப் பொருந்தும் என்பது என் கணிப்பு. அங்கேயும் ஜிஎஸ்டி படிவங்களுக்காக மாதந்தோறும் 11, 20 தேதிகளை ஒட்டி நெருக்கடி இருக்கும். ஆனால் அந்த நெருக்கடி எப்போது வரும் என்பதை நாட்காட்டியிலேயே குறித்து வைத்துக்கொள்ளலாம். ஓரமான இருக்கை, காதடைப்பான், வேலையை வாயால் சொல்லாமல் எழுதித் தருவது ஆகிய மூன்றையும் சேரும்போதே கேட்டுவிடலாம். நிறுவனத்திடம் ஆட்டிசத்தைச் சொல்வதா வேண்டாமா என்பதைத் தம்பியே முடிவு செய்யட்டும்.

2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாது என்ற சான்றிதழ் இருந்தால், அரசுப் பணியின் 4 சதவீத இடஒதுக்கீட்டில், ஆட்டிசம் உள்ளிட்ட சில பிரிவுகளுக்குப் பொதுவாக உள்ள 1 சதவீதத்துக்குப் போட்டியிடலாம். அதனால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான விண்ணப்பத்தை இனியும் தள்ளிப் போட வேண்டாம்.

தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால், வேலை தேடுவதை நிறுத்திவைத்து, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். பதற்றத்துக்கான பேச்சுவழிச் சிகிச்சையை ஆட்டிசம் உள்ளவருக்கு ஏற்றபடி மாற்றித் தர முடியும்.

அடுத்த நேர்காணலுக்கு முந்தின நாளே தம்பியை அழைத்துப் போய், பேருந்து நிற்கும் இடத்தையும் உள்ளே போகும் வழியையும் காட்டிவிடுங்கள். அதற்கு முன், வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவரோடு என்னைப் பார்க்க இங்கே வாருங்கள். அந்த நேரத்தில் வேறு யாரையும் வரச் சொல்லவில்லை, காத்திருக்க வேண்டியிராது.