கழுத்தை அறுக்கும் சீட் பெல்ட்: ஆறு வயது மகளுக்கு என்ன செய்வது?

கேள்வி: எங்கள் வீடு தக்கலையில். மாதம் இருமுறை என் அம்மா வீட்டுக்குத் திருவனந்தபுரம் போய் வருகிறோம். மகளுக்கு ஆறு வயது; 112 செ.மீ. உயரம், 19 கிலோ எடை. மகனுக்கு ஒன்பது வயது, 131 செ.மீ., 27 கிலோ. பின் சீட்டில் பெல்ட் போட்டால் கழுத்தை அறுக்கிறது என்று மகள் அதை அக்குளுக்கு அடியில் தள்ளிவிடுகிறாள். தலையணை போட்டு உயர்த்தியும் பார்த்தோம். “பிள்ளையை என் மடியில் தா, நான் பிடித்துக்கொள்கிறேன். இந்த ரோட்டில் என்ன பெரிய வேகம் போகப் போகிறோம்?” என்கிறார் மாமியார். பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் பூஸ்டர் சீட் வாங்கத்தான் வேண்டுமா? மகனுக்கும் வேண்டுமா?

பதில்: வாங்கத்தான் வேண்டும், இரண்டு பேருக்குமே. ஆனால் இருவருக்கும் ஒரே வகை தேவையில்லை.

உங்கள் மகள் அடம்பிடிக்கவில்லை. அந்தப் பெல்ட் தன் உடம்புக்குப் பொருந்தவில்லை என்பதைத்தான் அவளுக்குத் தெரிந்த வழியில் சொல்கிறாள். இன்று நாம் காரில் மாட்டிக்கொள்ளும் மூன்று முனை சீட் பெல்ட்டை வால்வோ நிறுவனத்துக்காக நீல்ஸ் போலின் என்ற பொறியாளர் உருவாக்கினார். 1959-இல் அது கார்களில் வந்தது. வளர்ந்த மனிதரின் எலும்புகளை நம்பி அமைந்த பெல்ட் அது. மேல்பட்டை, அதாவது தோள் பட்டை, காறை எலும்பின் நடுவில் படிந்து மார்பைத் தாண்டி வர வேண்டும். கீழ்ப்பட்டை தொடை தொடங்கும் இடத்தில் தாழ்வாகக் கிடந்து இடுப்பெலும்பைப் பிடிக்க வேண்டும். கார் மோதி நிற்கும் நொடியில் உடம்பின் பாரம் முழுவதையும் இந்த எலும்புகள் வாங்கிக்கொள்கின்றன. ஆறு வயதுக் குழந்தை அதே சீட்டில் உட்கார்ந்தால் மேல்பட்டை கழுத்துக்குப் போகிறது, கீழ்ப்பட்டை வயிற்றுக்கு ஏறுகிறது. பெல்ட் பற்றி நிற்க வேண்டிய இடுப்பெலும்பின் முன்புடைப்பு, பத்து வயதை ஒட்டித்தான் குழந்தைகளுக்கு நன்றாக உருவாகிறது. அதுவரை பட்டை வழுக்கி மேலே ஏறுவதைத் தடுக்க உள்ளே ஒன்றுமில்லை.

நான் குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சை மருத்துவன். சில ஆண்டுகளுக்கு முன் ஆரல்வாய்மொழிப் பக்கம் நடந்த விபத்தில் சிக்கிய ஏழு வயதுச் சிறுவனை இரவில் கொண்டுவந்தார்கள். முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. தண்ணீர் கேட்டான், அப்பாவிடம் பேசினான். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். தொப்புளுக்குக் குறுக்கே, இரண்டு விரல் அகலத்தில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் சிவந்த தடம். அந்தத் தடத்தைக் கண்டால் குடலையும் கீழ் முதுகெலும்பையும் சந்தேகிக்க வேண்டும் என்பது எங்களுக்குப் பாடம். அவனுக்குச் சிறுகுடல் கிழிந்திருந்தது. பிழைத்துக்கொண்டான். பெல்ட் இல்லாமல் இருந்திருந்தால் அவன் மருத்துவமனைக்கு உயிரோடு வந்திருக்க மாட்டான் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் ஒரு பூஸ்டர் இருந்திருந்தால் அந்த வயிற்றை நான் திறந்திருக்க வேண்டியதில்லை என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

இதைப் படிக்கும் எல்லாப் பெற்றோருக்கும் இந்த இடத்திலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். விபத்துக்குப் பின் குழந்தையின் வயிற்றில் பெல்ட் தடம் தெரிந்தால், அது ஓடி விளையாடினாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். குடல் காயம் பல மணி நேரம் கழித்துத்தான் தன்னைக் காட்டும்.

அக்குளுக்கு அடியில் பெல்ட்டைத் தள்ளுவதை இன்றே நிறுத்துங்கள். அப்படிப் போட்டால் மேல் உடம்பு கட்டில்லாமல் முன்னால் பாயும். பட்டையோ மெல்லிய விலா எலும்புகளை அழுத்தும். அவற்றுக்குப் பின்னால்தான் ஈரலும் மண்ணீரலும் இருக்கின்றன. முதுகுக்குப் பின்னால் தள்ளிவிடுவதும் இதே அளவு ஆபத்து.

தலையணை ஏன் உதவாது? விரலால் அழுத்தினால் அமுங்கும் எதுவும் மோதலில் தட்டையாகிவிடும், அல்லது குழந்தைக்கு அடியிலிருந்து நழுவிவிடும். பெல்ட் தளர்ந்து, குழந்தை அதற்கு அடியில் வழுக்கி இறங்கும், பட்டை வயிற்றில் ஏறும். நாம் எதைத் தடுக்கப் பார்க்கிறோமோ அதுவே நடக்கும். பூஸ்டர் சீட் கெட்டியான அடிப்பகுதி கொண்டது. அதன் இரு பக்கமும் கைப்பிடிபோல் தாழ்வான கொம்புகள் இருக்கும். கீழ்ப்பட்டை அவற்றின் அடியில் நுழைந்து வர வேண்டும். பட்டையைத் தொடையில் பிடித்துவைப்பது அந்தக் கொம்புகள்தான். பல வீடுகளில் பூஸ்டர் வாங்கிவிட்டுப் பட்டையை அவற்றின் மேலாகப் போட்டுவிடுகிறார்கள். வாங்கிய பணத்துக்குப் பலனே இல்லை. தோள் பட்டையையும் கீழ்ப்பட்டையையும் வயிற்றருகே ஒரு துணியில் சேர்த்துப் பொத்தான் போடும் சின்னச் சாதனம் மலிவாக ஆன்லைனில் கிடைக்கிறது. கழுத்து அறுப்பது நிற்கும், உண்மைதான். ஆனால் அது கீழ்ப்பட்டையை வயிற்றுக்கு இழுத்துவிடுகிறது. வேண்டாம்.

இனி உங்கள் மாமியாரின் கேள்வி. பேத்தி மேல் உள்ள பாசத்தில் கேட்கிறார். கணக்கைப் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றால், 19 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 270 கிலோ எடையைத் தாங்கும் பலம் வேண்டும். ஐந்து சிமெண்ட் மூட்டைக்கும் மேல். மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவே ஊர்ந்து போவதாக வைத்து 30 கிலோமீட்டர் என்று கொண்டாலும் 160 கிலோ, அதாவது மூன்று மூட்டை. கை அதை விட்டுவிடும், எவ்வளவு பாசம் இருந்தாலும். பாட்டி பெல்ட் போடாமல் இருந்தால் அவர் உடம்பே பேத்தியை முன் சீட்டோடு சேர்த்து நசுக்கும். இருவரும் ஒரே பெல்ட்டுக்குள் உட்காருவதும் அப்படித்தான். நம் சாலையில் வேகம் குறைவு என்பது ஆறுதல் தரும் பேச்சாக இருக்கலாம். எதிரே வருகிற வண்டியின் வேகம் நம் கையில் இல்லை.

மகளுக்கு எது? முதுகும் தலைச்சாய்ப்பும் உள்ள உயர் முதுகு பூஸ்டர். பழைய ஐரோப்பியத் தரமான ஆர் 44 முத்திரை உள்ளவற்றில் 15 முதல் 36 கிலோ வரை என்று எழுதியிருக்கும். புதிய தரமான ஆர் 129-இல் எடைக்குப் பதில் உயரம் செ.மீ.யில் இருக்கும். இந்தியாவின் தரக்குறி ஏ.ஐ.எஸ். 072. இவற்றில் ஒன்று சீட்டின் ஸ்டிக்கரில் இல்லையென்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தொடாதீர்கள். தலைச்சாய்ப்பின் பக்கத்தில் ஒரு வளையம் இருக்கும். தோள் பட்டையை அதன் வழியாகக் கோத்தால் அது கழுத்தை விட்டு விலகித் தோளின் நடுவில் படியும். உங்கள் மகள் முதல் நாளே வித்தியாசத்தைச் சொல்வாள்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மாலையில் திருவனந்தபுரத்திலிருந்து கிளம்பினால் பாறசாலை வருவதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். பக்கத்தில் பிடிமானம் இல்லாவிட்டால் தூங்கும் குழந்தை கதவுப் பக்கமாகச் சாய்ந்து, தோள் பட்டையிலிருந்து மொத்தமாக வெளியே வந்துவிடும். உயர் முதுகு பூஸ்டரின் இருபக்கச் சிறகுகள் தலையைத் தாங்கிப் பிடிக்கின்றன. பக்கவாட்டில் வண்டி மோதினாலும் அவை உதவும்.

மகனைப் பின் சீட்டில் பூஸ்டர் இல்லாமல் உட்கார வைத்து நீங்களே சோதிக்கலாம். முதுகு சீட்டில் முழுவதும் ஒட்டியிருக்கும்போது முழங்கால் சீட்டின் விளிம்பில் மடிகிறதா? கீழ்ப்பட்டை தொடையில் கிடக்கிறதா? மேல்பட்டை தோளின் நடுவில் இருக்கிறதா? மூன்றும் சரியாக இருந்தாலும், வழி நெடுக அப்படியே இருப்பானா என்று அரைமணி நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். முழங்கால் விளிம்புக்கு எட்டாத பையன் ஐந்து நிமிடத்தில் முன்னால் நகர்ந்து சரிவான், பட்டை வயிற்றுக்கு வந்துவிடும். பெரும்பாலான குழந்தைகள் 145 செ.மீ.யை நெருங்கும்போதுதான் இதில் தேறுகிறார்கள். 131 செ.மீ. உள்ள உங்கள் மகன் தேற மாட்டான் என்றே நினைக்கிறேன். முதுகில்லாத, அடிப்பகுதி மட்டும் உள்ள பூஸ்டரை 125 செ.மீ.க்கு மேற்பட்ட குழந்தைகளுக்குப் பயன்படுத்தலாம். ஆனால் காரின் பின் சீட்டில் அவன் தலைக்குச் சாய்ப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவனுக்கும் உயர் முதுகு வகைதான். ஒன்பது வயதில் இதைச் “சின்னப் பிள்ளை சீட்” என்று நினைத்து வெட்கப்படுவான். கார் ஓட்டுகிறவர் தன் சீட்டை உயர்த்திக்கொள்வதுபோல் இதுவும் என்று சொல்லுங்கள், கேட்பான்.

கடைக்குப் போகுமுன் காரைப் பாருங்கள். நம் ஊரில் கார் வாங்கியவுடன் தடித்த சீட் கவர் போடும் பழக்கம் உண்டு. பின் சீட்டுப் பெல்ட்டின் பூட்டுகள் அந்தக் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். பூட்டுகளை வெளியே எடுங்கள். தேவையானால் கவரைக் கத்தரியுங்கள், அல்லது கழற்றிவிடுங்கள். பின் சீட்டின் நடுவில் இடுப்புக்கு மட்டும் பெல்ட் உள்ள பழைய கார் என்றால் அந்த இடத்தில் பூஸ்டர் வைக்கக் கூடாது. பூஸ்டருக்குத் தோள் பட்டையும் கட்டாயம் வேண்டும். ஆகவே பிள்ளைகள் இரு ஓரமும், பாட்டி நடுவிலும் என்றாகும். ஆனால் இரண்டு பூஸ்டருக்கு நடுவே ஒருவர் உட்கார்ந்து பெல்ட் மாட்ட இடம் இருக்கிறதா என்று வாங்குமுன் கடை வாசலிலேயே வைத்துப் பாருங்கள். இடமில்லையென்றால் பாட்டியை முன் சீட்டில் அமர்த்திவிடுங்கள். பன்னிரண்டு வயது முடியும்வரை பிள்ளைகள் பின் சீட்டிலேயே இருப்பது நல்லது.

வளைகுடாவிலிருந்து ஊருக்கு வரும் உறவினர்கள் தங்கள் பிள்ளைகள் உபயோகித்த சீட்டைக் கொடுத்துவிட்டுப் போவது நம் மாவட்டத்தில் சாதாரணம். வாங்கிக்கொள்ளலாம், அது விபத்தில் சிக்கியதில்லை என்று கொடுப்பவர் உறுதியாகச் சொன்னால். அடியில் தயாரித்த தேதி இருக்கும்; சிலவற்றில் காலாவதித் தேதியும் இருக்கும். வெடிப்பு இருந்தாலோ, எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டாலோ வேண்டாம். உங்கள் சொந்தச் சீட்டாக இருந்தாலும், பெரிய மோதலுக்குப் பின் மாற்றிவிடுங்கள்.

வீட்டிலிருந்து கிளம்பும்போது அம்மாவுக்கு ஏத்தன் வாழைக்குலையும் தேங்காயும் ஏற்றுவீர்கள். அவற்றைப் பின் சீட்டுக்குப் பின்னாலுள்ள தட்டில் வைக்காதீர்கள். டிக்கியின் அடியில் போடுங்கள். பிரேக் போட்டால் தேங்காய் குழந்தையின் தலை உயரத்தில்தான் பறந்து வரும். குழந்தை இல்லாத பூஸ்டரும் அப்படிப் பறக்கக்கூடியது. காலியாக இருக்கும்போதும் அதைப் பெல்ட்டால் கட்டிவையுங்கள்.

சட்டத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. எல்லை தாண்டிப் போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயது நிறையாத குழந்தை சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு சீட்டோ இல்லாமல் காரில் இருந்தால் 1,000 ரூபாய் அபராதம். இது இரு மாநிலத்துக்கும் பொது. கேரளத்தில் 2024 அக்டோபரில் குழந்தை சீட்டைக் கட்டாயமாக்குவதாக அறிவிப்பு வந்து, பின்னர் அமைச்சரே அதை நிறுத்திவைத்தார். உங்கள் மகள் பெல்ட் மட்டும் போட்டிருந்தால் சட்டம் திருப்தியடைந்துவிடும். அவள் வயிற்றுக்கு அது போதாது.

இரண்டு பிள்ளைகளின் உயரத்தையும் கதவு நிலையில் பென்சிலால் குறித்துவையுங்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது மறுபடி அளந்து, மகனுக்கு அந்தச் சோதனையை மீண்டும் செய்து பாருங்கள்.